வாடகைக் கூரை

விருந்தாளி வரும்போது வீட்டுக் கிழிசல் கண்ணில் படக் கூடாது. சரசுவின் வேதம் இதுதான். கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள். சரசு அதற்கு மேல் ஒரு படி போவாள். கசக்கிக் கட்டியும் கந்தை கந்தையாகவே தெரிந்தால், அதன் மேல் நல்ல துணியாக ஒன்றைப் போர்த்து என்பாள். போர்த்துவதற்கு அவளிடம் துணிக்குப் பஞ்சமில்லை. அல்சூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் உள்ள சந்தில் 'பெருமாள்சாமி சாமியானா சப்ளையர்ஸ்' என்று பலகை தொங்கும் கடை அவளுடையது. புருஷன் பெருமாள்சாமி போய்ச் சேர்ந்தபோது, "பொம்பளைக்கு எதுக்குப் பந்தல் வேலை, கடையை வித்துட்டு நிம்மதியா உக்காரு" என்று மைத்துனர்கள் புத்தி சொன்னார்கள். இப்போது அவர்கள் வீட்டு விசேஷத்துக்கும் சரசுதான் பந்தல் போடுகிறாள். தள்ளுபடி மட்டும் கிடையாது.

அப்படிப்பட்டவளிடம், மகள் விஜி படிக்கிற அரசு மகளிர் கல்லூரியிலிருந்து பிரின்சிபால் ஷில்பா மேடமே ஃபோன் செய்து பேசினால் கால் தரையில் நிற்குமா? மேலிடத்திலிருந்து ஒரு கமிட்டி வருகிறதாம். ஹாலை அலங்காரம் செய்து தர வேண்டுமாம். "கவலையே படாதீங்க மேடம், கல்யாண மண்டபம் மாதிரி பண்ணிக் குடுத்துடறேன்" என்று சரசு வாக்குக் கொடுத்துவிட்டாள்.

விஜி அங்கே பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி இரண்டாம் வருஷம். குடும்பத்தில் காலேஜ் படி ஏறிய முதல் ஆள் அவள்தான். மழை நாட்களில் சரசு அவளை ஸ்கூட்டரில் கொண்டு போய் விடுவாள். கேட்டோடு சரி, உள்ளே போனதில்லை. கேட்டில் நின்று பார்த்தால் கல் கட்டடம், பெரிய தூங்குமூஞ்சி மரம், கர்நாடக அரசு என்று கொட்டை எழுத்து. அந்த எழுத்தைப் பார்க்கும்போதெல்லாம், அரசாங்கமே தன் பெண்ணைக் கைபிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போவதாகச் சரசுவுக்கு ஒரு நினைப்பு. பாவம்.

ஃபிராங்க்ளினைக் கூட்டிக்கொண்டு அளவெடுக்கப் போனாள். ஃபிராங்க்ளின் காக்ஸ் டவுன்காரன். பெருமாள்சாமி காலத்திலிருந்து கடையில் கம்பு நட்டு, துணி கட்டுகிறவன். எவ்வளவு உயரமானாலும் ஏறுவான், ஏறும்போது முணுமுணுத்துக்கொண்டே ஏறுவான். ஹாலுக்குள் நுழைந்து அண்ணாந்து பார்த்தவன், "யேசுவே" என்று சிலுவை போட்டுக்கொண்டான்.

கூரையில் பாதி இடத்தில் பூச்சே இல்லை. துருப்பிடித்த கம்பிகள் வரிசையாக வெளியே தெரிந்தன. சுவரெல்லாம் ஈரம் ஊறிப் பச்சை பிடித்திருந்தது. பெஞ்சுகளின் கால்களைக் கட்டுக்கம்பியால் சுற்றி நிற்க வைத்திருந்தார்கள். நான்கு கழிவறைகளில் ஒன்றுக்குத்தான் கதவு இருந்தது. கெமிஸ்ட்ரி லேபில் குழாய் இருந்தது, தண்ணீர் இல்லை. கண்ணாடிக் குடுவைகள் நாலைந்து, அதிலும் இரண்டு விளிம்பு உடைந்தவை.

"இதுல எப்பிடி மிஸ் பாடம் நடத்துறீங்க?" என்று, கூட வந்த ஐரின் மிஸ்ஸைக் கேட்டாள். ஐரின் மிஸ் தற்காலிக லெக்சரர். வருஷா வருஷம் வேலைக்குப் புதிதாக மனுப்போட்டு, வருஷா வருஷம் அதே வேலையில் சேருகிறவர். சம்பளம் எப்போது வரும் என்பது அவருக்கும் தெரியாது, ஆண்டவருக்கும் தெரியாது.

"போர்டுல படம் போட்டுக் காட்டுவேன்க்கா. நீல சாக்பீஸ் இருந்தா அன்னைக்கு காப்பர் சல்ஃபேட் நடத்துவேன்" என்றார் மிஸ். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தார்.

சரசுவால் கூடச் சிரிக்க முடியவில்லை. ஆனால் தொழில்காரி கண் தொழில்காரி கண்தான். மேலே ரோஸும் வெள்ளையுமாக மடிப்பு வைத்த சீலிங் துணி, சுவருக்குப் படுதா, குழியான தரைக்குச் சிவப்புக் கார்பெட், பெஞ்சை எல்லாம் பின்னால் தள்ளிவிட்டு வெல்வெட் கவர் போட்ட சேர், ஓரமாகப் பூந்தொட்டி என்று மனசுக்குள்ளேயே கட்டி முடித்துவிட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். சரசுவின் சாமியானாவில் மறையும்.

வீட்டுக்கு வந்தால் விஜி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"உன்னை யாரும்மா ஒத்துக்கச் சொன்னது?"

"ஏன்டீ? உங்க மேடம்தான் கேட்டாங்க. உன் காலேஜ் அழகா தெரிஞ்சா உனக்குப் பெருமை இல்லையா?"

"அழகா தெரிஞ்சா எங்களுக்குச் சாவு" என்றாள் விஜி. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னாள். அரசாங்கம் புதிதாக ஒரு திட்டம் போட்டிருக்கிறது. வசதியாக இருக்கிற அரசுக் கல்லூரிகள் இனிமேல் தங்கள் செலவைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். அதாவது பிள்ளைகளிடம் ஃபீஸ் வாங்கி ஓட்ட வேண்டும். வசதியில்லாத கல்லூரிகளுக்கு மட்டும் கட்டடத்துக்கும் லேபுக்கும் அரசாங்கம் பணம் தரும். எது வசதியானது, எது இல்லாதது என்று பார்த்துச் சொல்லத்தான் இந்தக் கமிட்டி.

"அப்போ உங்க மேடம் எதுக்கு ஜோடிக்கச் சொல்றாங்க? அவங்களுக்கு இது தெரியாதா?"

"தெரியும். ரொம்ப மோசமா இருந்தா காலேஜையே மூடி, ஊருக்கு வெளியே இருக்கிற இன்னொரு காலேஜோட சேத்துடுவாங்கன்னு பயப்படறாங்க. போன தடவையும் இதே கூத்துதான். பக்கத்து பிரைவேட் காலேஜ்லேர்ந்து கம்ப்யூட்டரைக் கடன் வாங்கி வெச்சாங்க. வந்தவங்க பாத்துட்டு, கம்ப்யூட்டர்தான் இருக்கேன்னு அதுக்கான பணத்தை வெட்டிட்டுப் போயிட்டாங்க. மறுநாள் கம்ப்யூட்டரும் வண்டி ஏறிப் போயிடுச்சு."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். சரசுவுக்குப் புரியாமல் இல்லை. பிரைவேட் காலேஜ் மாதிரி இங்கேயும் ஃபீஸ் கேட்டால் தன்னால் ஆகாது என்பதும் அவளுக்குத் தெரியும். மூன்றாம் வருஷம் விஜி வீட்டில்தான் உட்கார வேண்டியிருக்கும், அவள் கூடப் படிக்கிற முக்கால்வாசிப் பிள்ளைகளும் அப்படித்தான். ஆனாலும் ஊறிப்போன புத்தி விடுகிறதா?

"அதுக்குன்னு, வர்றவன் முன்னாடி ஓட்டையைக் காட்டிக் கை நீட்டச் சொல்றியா? மானம்னு ஒண்ணு இருக்குடி."

"கை நீட்டுறதா?" விஜி எழுந்து நின்றுவிட்டாள். "அது நம்ம பணம்மா. நீ சோப்பு வாங்கினாலும் வரி கட்டுறே, தீப்பெட்டி வாங்கினாலும் கட்டுறே. ஸ்கூட்டருக்கு பெட்ரோல் போட்டா கட்டுறே. அந்தப் பணத்துல எனக்கு ஒரு லேப் வேணும்னு கேட்டா பிச்சையா? பணக்காரன் பிள்ளை காலேஜுக்குப் போனா படிப்பு, நாங்க போனா தர்மமா?"

சரசுவுக்குத் தன்னைப் பெண் பார்க்க வந்த நாள் ஞாபகம் வந்துவிட்டது. அவள் பிறந்த சந்தில் அப்போது ஒரு வழக்கம். ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் அக்கம்பக்கமே சேர்ந்து அந்த வீட்டை ஜோடிக்கும். எதிர்வீட்டு டிவி வரும், பக்கத்து வீட்டு ஃபிரிஜ் வரும், யாரோ ஒருத்தியின் செயின் கழுத்துக்கு வரும். சரசு வீட்டுக்கும் எல்லாம் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா கண்ணை உருட்டி உருட்டிப் பார்த்தாள். இவ்வளவு வசதியான இடமா என்று மலைத்துப்போய், வரதட்சணை கேட்க நினைத்ததைப் போல இரண்டு பங்கு கேட்டுவிட்டாள். அப்பா மறுபேச்சுப் பேச முடியாமல் தலையாட்டினார். டிவி இரவல் என்று எந்த வாயால் சொல்வது? அதற்கு வாங்கிய கடனை அடைக்க அப்பா பட்ட பாட்டை நினைத்தால் சரசுவுக்கு இன்றைக்கும் கண் கலங்கும். அப்படியும் அவளுக்குப் புத்தி வரவில்லை என்பதுதான் வேடிக்கை.

கொடுத்த வாக்கு வாக்குதான் என்று, கமிட்டி வருவதற்கு முதல் நாள் மத்தியானம் சாமான்களை டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனாள். விஜி அவளோடு பேசவில்லை.

வேலை மளமளவென்று நடந்தது. கம்பு நட்டு, கயிறு இழுத்து, சீலிங் துணியை விரித்துக் கட்டியதும் ஹாலின் முகமே மாறிவிட்டது. ஷில்பா மேடம் வாசலில் நின்று பார்த்துக் கண் கலங்கினார். சின்னக் கிராமத்திலிருந்து பஸ் ஏறி வந்து, அரசுக் கல்லூரியிலேயே படித்து, அரசுக் கல்லூரிக்கே பிரின்சிபால் ஆனவர். கன்னடக்காரர்தான், ஆனால் தமிழர்கள் நிறைந்த கன்டோன்மென்டில் வருஷக்கணக்கில் வேலை பார்த்ததில் தமிழ் தடுமாறாமல் வரும்.

"சரசம்மா, தும்பா சென்னாகிதே, ரொம்ப அழகா இருக்கு. எங்க ஹால்னு நம்பவே முடியல."

அவர் வாய் மூடவில்லை, மேலே தொம்மென்று ஒரு சத்தம். சீலிங் துணியின் நடுவில் ஏதோ விழுந்து, துணி பையாகத் தொங்கியது. ஃபிராங்க்ளின் ஏணியை நகர்த்திக்கொண்டு போய்க் கையை விட்டு எடுத்தான். இரண்டு கை கொள்ளாத காரைக்கட்டி. அவன் அதை அப்படியே கார்பெட்டின் மேல் கொண்டு வந்து வைத்தான்.

"இது தலையில விழுந்தா ஆளு காலிக்கா" என்றான்.

சரசு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "மேடம், இதுக்குக் கீழேயா பிள்ளைங்க உக்காருதுங்க?"

"மழை பெஞ்சா வராண்டாவுக்கு மாத்திடுவோம் சரசம்மா. உங்களுக்குத் தெரியாததா? உங்க விஜி தோள் மேலயேதானே அன்னைக்கு விழுந்துச்சு. நல்லவேளை, தலைக்குத் தப்பிச்சா" என்றார் ஷில்பா மேடம். அம்மாவுக்குத் தெரிந்திருக்கும் என்றே அவர் நினைத்திருந்தார்.

சரசுவுக்குத் தெரியாது. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது தடுக்கி விழுந்துவிட்டேன் என்றுதான் விஜி சொல்லியிருந்தாள். தோள் கன்றிப்போய், வாரக்கணக்கில் கையைத் தூக்க முடியாமல் கிடந்தாள். சரசுதான் எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டாள். தேய்க்கும்போதெல்லாம் அந்த டிரைவரின் பரம்பரையையே சபித்தாள். ஒரு பாவமும் அறியாத டிரைவர்.

வராண்டாவில் மற்றப் பிள்ளைகளோடு நின்றிருந்த விஜியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனாள்.

"ஏன்டீ எங்கிட்ட சொல்லல?"

விஜிக்கு உடனே புரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டாள். "சொன்னா காலேஜே வேணாம்னு நிறுத்தியிருப்பே."

உண்மைதான். நிறுத்தித்தான் இருப்பாள். படிப்பும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம், உசிரோட இருடி தாயே என்று வீட்டோடு வைத்திருப்பாள். தாய் எட்டடி பாய்ந்தால் குட்டி பதினாறடி பாயும் என்பது இதுதான் போலிருக்கிறது. அம்மா ஊரான் சுவரைத் துணியால் மூடுகிறாள், மகள் தன் தோளையே மூடி வைத்துக்கொண்டு ஒவ்வொரு நாளும் அந்தக் கூரைக்கடியில் போய் உட்கார்ந்திருக்கிறாள். சரசு அந்த மரத்தடியில் நின்று வாய்விட்டு அழுதாள். யார் பார்த்தாலும் பார்த்துக்கொள்ளட்டும் என்று அழுதாள். விஜி அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஹாலுக்குத் திரும்பி, "மேடம், நான் எல்லாத்தையும் அவுத்துட்டுப் போறேன்" என்றாள்.

ஷில்பா மேடம் பதறிவிட்டார். "ஒரே ஒரு நாள் சரசம்மா. நாளைக்கு அவங்க இதைப் பாத்துட்டு மூடுங்கன்னு எழுதிட்டா, இந்தப் பிள்ளைங்க எங்க போவாங்க? ஓட்டையா இருந்தாலும் இது இருக்கு. இதுவும் போச்சுன்னா?"

ஓட்டைக் கூரையா, கூரையே இல்லாமல் போவதா? சரசு இரண்டு பக்கமும் இடி வாங்கும் மத்தளம் ஆகிவிட்டாள். காரைக்கட்டியைத் தூக்கி வெளியே போட்டுவிட்டு, துணியை இழுத்துக் கட்டச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள். சோறு இறங்கவில்லை.

மறுநாள் கமிட்டி வந்தது. மூன்று பேர். தலைவர் சால்வை போர்த்திய பெரியவர், எதிரில் இருப்பவரின் தலைக்கு மேல் பார்த்துப் பேசுகிற பழக்கம் உள்ளவர். அவருக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு அம்மா, ஒரு இளைய அதிகாரி. "பன்னி, பன்னி" என்று கன்னடத்தில் வாங்க வாங்க சொல்லி ஷில்பா மேடம் வரவேற்றார். பட்டுப்புடவை கட்டிய பிள்ளைகள் ஆரத்தி எடுத்தார்கள். கையில் பன்னீர்ச் செம்போடு நின்ற விஜியின் முகத்தில் ஈயாடவில்லை. குத்துவிளக்கு, இளநீர், மைசூர்பாகு எல்லாம் முறைப்படி ஆயிற்று. லேபைப் பார்க்கலாமா என்று அந்த அம்மா கேட்டார். அப்புறம் பார்க்கலாம் என்று தலைவர் சொல்லிவிட்டு, வெல்வெட் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

சாமியானாக்காரர்கள் விசேஷம் முடியும்வரை ஓரமாக இருக்க வேண்டும். ஃபேன் நின்றால் ஓட வேண்டும், படுதா சரிந்தால் பிடிக்க வேண்டும். சரசு பின்வரிசையில் ஃபேன் பக்கத்தில் நின்றிருந்தாள். தலைவர் மைக்கைப் பிடித்தார். பேச்செல்லாம் கன்னடத்தில். அல்சூரில் பிறந்தவளுக்கு அது இன்னொரு தாய்மொழி, ஒரு வார்த்தை தப்பவில்லை.

"அரசாங்கக் காலேஜ் என்றால் அழுது வடியும் என்று நினைத்து வந்தேன். கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது. எப்போது பார்த்தாலும் பணமில்லை, பணமில்லை என்று மனுப்போடுகிறீர்களே, இந்த ஹாலுக்கு என்ன குறைச்சல்? இதைக் கல்யாணத்துக்கு வாடகைக்கு விட்டாலே காலேஜ் தன் காலில் நிற்கும். பிள்ளைகளும் கொஞ்சம் ஃபீஸ் கட்டிப் படிக்கட்டும். சும்மா கிடைத்தால் படிப்பின் அருமை தெரியாது. கொடுத்துக் கொடுத்துக் கெடுத்து வைத்திருக்கிறோம்."

ஷில்பா மேடம் சிரிக்க முயன்றார். முடியவில்லை. ஐரின் மிஸ் தரையைப் பார்த்தார். சரசு விஜியைப் பார்த்தாள். அவள் செம்பை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றித் தோளைத் தேய்த்துக்கொண்டாள். அந்தத் தோள்தான்.

சும்மா கிடைத்ததாமே! சரசுவுக்கு உச்சந்தலையில் சூடு ஏறியது. கன்றிப்போன தோளை மூடிக்கொண்டு, உடைந்த குடுவையில் கெமிஸ்ட்ரி படிக்கிற பிள்ளைக்குப் படிப்பின் அருமையைச் சொல்லிக்கொடுக்க இந்த ஆள் வந்திருக்கிறான். அதுவும் தன் துணிக்குக் கீழே, தன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு.

பந்தல் தொழிலில் ஒரு விதி உண்டு. விருந்தாளி எழுந்து போகிறவரை ஒரு கயிற்றைக்கூட அவிழ்க்கக் கூடாது. அவிழ்த்தவனை அதற்கப்புறம் எந்த வீட்டிலும் கூப்பிட மாட்டார்கள். சரசு அந்த விதியை ஒருநாளும் மீறியதில்லை. இப்போது சிவப்புக் கார்பெட்டின் நடுவிலேயே நடந்து முன்னால் போனாள்.

"எல்லாரும் கொஞ்சம் ஓரமா வாங்க. பிள்ளைங்களா, வராண்டாவுக்குப் போங்க. சார், நீங்களும் எழுந்திரிங்க, மேல தூசி விழும்."

"ஏனம்மா இது?" என்றார் தலைவர். அன்றைக்கு முதல்முறையாக ஒருவர் முகத்தைப் பார்த்தார்.

"நான் சாமியானாக்காரி சார். இது எல்லாம் என் சாமான். எடுத்துட்டுப் போகப் போறேன்" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு, தமிழில் கத்தினாள். "ஃபிராங்க்ளினு! அவுரு!"

"அக்கா, ஃபங்ஷன் முடியல."

"முடிஞ்சிருச்சு. அவுருடா!"

ஃபிராங்க்ளின் ஷில்பா மேடத்தைப் பார்த்தான். மேடம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவன் கம்பத்தருகில் போய்க் கயிற்றைப் பிடித்து இழுத்தான். ரோஸும் வெள்ளையுமான துணி மொத்தமும் ஒரு பக்கமாகச் சரிந்து இறங்கியது. அதோடு இரவெல்லாம் உதிர்ந்து சேர்ந்திருந்த காரையும் மண்ணும் கார்பெட்டில் கொட்டின. தூசி அடங்கியபோது மேலே கம்பிகள் தெரிந்தன. சரசு நிற்கவில்லை. படுதாவை உருவினாள், பச்சை பிடித்த சுவர் தெரிந்தது. கார்பெட்டைச் சுருட்டச் சொன்னாள், குழி தெரிந்தது. பிறகு வெல்வெட் நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தாள். தலைவர் மறுபடியும் உட்காரலாம் என்று தன் நாற்காலியைத் தேடினார். அது அவள் கையில் இருந்தது.

"இதுவும் என்னுதுதான் சார்."

"உன் மேல் போலீஸில் புகார் கொடுப்பேன். யார் உன்னை ஏவிவிட்டது?"

"குடுங்க. என் துணியை நான் அவுத்தா எந்தச் சட்டத்துல கேஸு வரும்னு நானும் பாக்கறேன். என்னை யாரும் ஏவல. நேத்து துணிக்குள்ள ஒரு கல்லு விழுந்துச்சு. அதே மாதிரி ஒண்ணு என் பொண்ணு தோள் மேல விழுந்துச்சு. இந்த ஹாலுக்கு என்ன குறைச்சல்னு கேட்டீங்களே, இதான் சார் குறைச்சல். துணியால மூடி வெச்சது என் தப்பு. இத்தனை வருஷமா கூரை போடாதது யார் தப்பு?"

தலைவர் ஷில்பா மேடத்தின் பக்கம் திரும்பினார். அவர் குரல் இறங்கியிருந்தது, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "பிரின்சிபால், யோசித்துப் பேசுங்கள். இந்த அம்மா யாரோ, கலாட்டா செய்ய வந்தவள் என்று நீங்கள் சொன்னால் நான் நம்புகிறேன். இல்லையென்றால், இந்தக் கட்டடம் லாயக்கில்லை, காலேஜை மூடலாம் என்று எழுத வேண்டியிருக்கும்."

ஷில்பா மேடம் மேலே பார்த்தார், வாசலில் முட்டிக்கொண்டு நின்ற பிள்ளைகளைப் பார்த்தார். இத்தனை வருஷம் கடன் வாங்கிய கம்ப்யூட்டரையும் வாடகைத் துணியையும் காட்டிக் காட்டி அவர் காப்பாற்றிய காலேஜ். அவர் பின்பக்கம் போய், கட்டுக்கம்பி சுற்றிய ஒரு பெஞ்சைத் தானே இழுத்துக்கொண்டு வந்தார். கம்பிகள் தெரிந்த இடத்துக்கு நேர் கீழே போட்டு, புடவைத் தலைப்பால் தூசியைத் தட்டினார்.

"அவங்க எங்க பேரன்ட் சார். இதான் எங்க ஹால். கூத்கொள்ளி" என்றார். உட்காருங்கள் என்று இவ்வளவு மரியாதையாகவும் இவ்வளவு கோபமாகவும் ஒருவர் சொல்லிச் சரசு கேட்டதில்லை. "மூடலாம்னு எழுதறதா இருந்தா, இங்க உக்காந்து எழுதுங்க. கூடவே, இந்தப் பிள்ளைங்க அப்புறம் எங்க படிக்கணும்னும் எழுதுங்க. நானும் அரசுக் காலேஜ்ல படிச்சு வந்தவதான். அன்னைக்கு எனக்கு யாரும் கல்யாண மண்டபம் நடத்திப் படின்னு சொல்லல."

வாசலிலிருந்து விஜியின் குரல் வந்தது. "எங்களுக்கு மூடவும் வேணாம், ஃபீஸ் ஏத்தவும் வேணாம் சார். இது அரசுக் காலேஜ். அரசாங்கம் கூரை போடட்டும், லேப் கட்டட்டும், ஐரின் மிஸ்ஸுக்கு ஒழுங்கா சம்பளம் குடுக்கட்டும். நாங்க படிக்கறோம்."

"ஆமா!" என்று பின்னால் இருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் சேர்ந்து கத்தினார்கள். அந்தச் சத்தத்தில் மேலேயிருந்து இன்னும் கொஞ்சம் மண் உதிர்ந்தது.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பது ஊர் அறிந்த பழமொழி. ஆனால் இது அழுகை இல்லை. சரசுவுக்கு அந்த வித்தியாசம் அப்போதுதான் புரிந்தது. மகள் கை நீட்டவில்லை. தன்னுடையதைக் கொடு என்று கேட்கிறாள்.

கண்ணாடி போட்ட அம்மா சுவரோரமாக நடந்து லேப் பக்கம் போனார். இளைய அதிகாரி தயங்கி நின்றுவிட்டு அவர் பின்னால் போனார். தலைவர் தனியாக நின்றார். வெளியே போகலாம் என்றால் வாசல் நிறையப் பிள்ளைகள். நிற்கலாம் என்றால் வயசான கால். கடைசியில் உட்கார்ந்துதான் ஆக வேண்டும் என்று ஆகிவிட்டது. அந்தப் பெஞ்சருகில் போனார். உட்காரக் குனிந்தவர், ஒருதரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் பெஞ்சைப் பிடித்து, பூச்சு உதிராமல் இருந்த ஒரு மூலைக்குச் சரசரவென்று இழுத்துக்கொண்டு போய்ப் போட்டு, அதற்கப்புறம்தான் உட்கார்ந்தார்.

ஹால் முழுக்க அதைப் பார்த்தது.

சரசு கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்துவிட்டு அவர் எதிரில் போய் நின்றாள். அவளுக்குக் கோபம்கூடப் போய்விட்டிருந்தது.

"பெஞ்சை எதுக்கு சார் நகத்தினீங்க?"

அவர் மறுபடியும் ஒருதரம் மேலே பார்த்தார்.

"அதை எழுதுங்க. வேற ஒண்ணும் எழுத வேணாம்."

பேனா அவருடைய சட்டைப் பையிலேயே இருந்தது. வாசலில் பிள்ளைகள் ஒருவரும் நகரவில்லை. யாருக்கும் அவசரமும் இல்லை.